கன்னியம்மாவின் தம்பி

எங்கள் பிளாக்கில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். கணக்கெடுக்க வருகிறவர்களிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறோம்.

தி.நகரில் மாம்பலம் கால்வாயை ஒட்டினாற்போல் இருக்கிறது பன்னீர்த் தோட்டம். தோட்டம் என்று பேர்தான். பூவும் கிடையாது, மரமும் கிடையாது. குடிசையில் இருந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த மாடி வீடுகள். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, வெளியே நீள நடை. ஒதுக்கீடு வாங்கியவர்கள் அவர்களேதான் குடியிருக்க வேண்டும், வாடகைக்கு விடக் கூடாது என்பது சட்டம். ஆனால் வாங்கிய நாளிலிருந்து இன்று வரைக்கும் மனுஷனுக்கு என்னென்னவோ நடந்து போகிறது. முட்டி தேய்கிறது. மகள் பிரசவத்துக்குக் கூப்பிடுகிறாள். வைத்தியச் செலவு வருகிறது. அவர்கள் கிளம்பிப் போனால் வீடு சும்மா கிடக்குமா? எங்களை மாதிரி ஆட்கள் வந்து பாயை விரிக்கிறோம்.

அட்வான்ஸ் கொடுக்கிற அன்றைக்கே சாவியோடு ஒரு உறவையும் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆபீசர் வந்தால் நீ எனக்குச் சித்தி மகன். நீ என் மச்சினிச்சி. நீ பெரியப்பா பேரன். அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டுதான் பாத்திரம் பண்டத்தை மேலே ஏற்ற வேண்டும்.

நான் அம்மாசி. ஜவுளிக் கடைத் தெருவில் மூட்டை தூக்குகிறேன். வெளியூர் லாரிகள் விடிவதற்குள் வந்து நிற்கும். கூட்டம் வந்துவிட்டால் அந்தத் தெருவில் லாரி என்ன, குடையே நுழையாது. அதற்குள் பெரிய துணிக்கட்டுகளான பேல்களை இறக்கிக் கடைக்குள் சேர்த்துவிட வேண்டும். கூப்பிட்டால் ஓடிப் போகிற தூரத்தில் வீடு இருக்கிறவனுக்குத்தான் அந்த வேலை. அப்படித்தான் பன்னீர்த் தோட்டத்தில் மூன்றாவது மாடி வீட்டைக் கேட்டு, அதன் சொந்தக்காரி கன்னியம்மாவிடம் போய் நின்றேன். முட்டி வலியில் மாடி ஏற முடியாமல், தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாமல், அவள் தன் புருஷனோடு சைதாப்பேட்டையில் மகள் வீட்டுக்குப் போகிற நேரம் அது.

என்னையும் என் பெண்சாதி தேசம்மாவையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"உனுக்கு அக்கா கீறாளா?"

"இல்லம்மா. நான் ஒருத்தன்தான்."

"எனுக்குத் தம்பி இல்ல. தீந்துச்சு. இன்னிலேர்ந்து நீ என் தம்பி. எவன் வந்து கேட்டாலும் அதான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அதான்."

"சரிம்மா."

"அம்மான்றான் பாரு! அக்கான்னு சொல்லு."

"சரிக்கா."

தேசம்மா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள்.

கணக்கெடுக்க வருகிற நாளில் எங்கள் நடையைப் பார்க்க வேண்டும். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி அமீனா பீ இருக்கிறாள். டெய்லர் கடைகளுக்கு ரவிக்கையில் ஊக்கு வைத்துக் கொடுக்கிறவள். அவள் வீட்டின் ஒதுக்கீடு ரகுபதி பேரில். ரகுபதி நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர், எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குத் தலைவர், சொந்தமாக வேறு வீடு கட்டி வேளச்சேரியில் இருக்கிறார். அவர் அமீனா பீக்குக் கொடுத்த உறவு, அக்கா.

ஒருமுறை வந்த ஆபீசர் கொஞ்சம் விவரமானவர். பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, ரகுபதிக்கு அமீனா பீ எப்படிம்மா அக்கா?"

அமீனா பீ வாயில் இருந்த ஊக்கை எடுக்காமலே சொன்னாள்: "அத்த ரகுபதியாண்ட கேளு சார். நான் மூத்தவ, எனுக்கு மறந்துபோச்சு."

அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். எழுதாமல் அவர் மட்டும் என்ன செய்வார்? எல்லாருக்கும் தெரிந்த பொய் அது. ஒருத்தருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம்.

எனக்கும் கன்னியம்மாவுக்கும் நடுவில் அது பொய்யாகவே நிற்கவில்லை. அவள் புருஷன் ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார். தகவல் கேட்டு மாலை ஒன்று வாங்கிக்கொண்டு சைதாப்பேட்டைக்குப் போனேன். பத்தாம் நாள் காரியத்துக்கும் போனேன். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டு வந்து போட்டால்தான் அவளுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். "பொறந்த வூட்டுக் கோடி யாருப்பா, வாங்க" என்று கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. வர யாரும் இல்லை. கன்னியம்மா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கிழவர் இன்னொரு தரம் கூப்பிட்டார். எனக்குத் தாங்கவில்லை. எதிர்க்கடைக்கு ஓடி ஒரு சேலையை வாங்கிக்கொண்டு வந்து அவள் தோளில் போட்டேன். "நீ யாருப்பா?" என்றார் கிழவர்.

"தம்பி" என்றேன்.

அன்றைக்குத்தான் கன்னியம்மா வாய்விட்டு அழுதாள். அதற்குப் பிறகு என் மகள் வயசுக்கு வந்தபோது முதல் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான். ஏணிப்படி மாதிரி இருக்கிற அந்த மாடிப்படியில் ஏற முடியாமல் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, பெண்ணைக் கீழே கூட்டி வரச் சொல்லி ஊற்றினாள். மாதம் பிறந்தால் வாடகையையும் நான் சைதாப்பேட்டைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அதை வாங்கி அவள் எண்ணியதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் பன்னீர்த் தோட்டத்தை இடிக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது.

இடிக்க வேண்டியதுதான். கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுகிறது. தேசம்மா சோறு வடிக்கும்போது தலைக்கு மேலே துருப்பிடித்த கம்பி பல்லைக் காட்டும். மழை வந்தால் சுவரில் கை வைக்கப் பயம். புதிதாக உயரமாகக் கட்டுவார்களாம், லிஃப்ட் வைப்பார்களாம், ஒதுக்கீடு வாங்கியவர்கள் எல்லாருக்கும் அங்கேயே வீடு உண்டாம். கேட்டபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. மூட்டை இறக்கிவிட்டு வரும் வழியில் டீக்கடையில் நின்று யோசித்தபோதுதான் உறைத்தது. ஒதுக்கீடு வாங்கியவர்களுக்கு வீடு. அப்படியானால் நாங்கள்?

தி.நகரில் வாடகைக்கு வேறு இடம் தேடிப் பார்த்தேன். கோடம்பாக்கம் வரைக்கும் நடந்தேன். நாங்கள் கொடுக்கிற வாடகைக்கு வண்டி நிறுத்துகிற இடம்கூடக் கிடைக்காது என்று ஒரு புரோக்கர் சொன்னார். கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். ஊருக்கு வெளியே போனால் கிடைக்கும். அங்கிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருவதற்குள் லாரி காலியாகி, என் இடத்தில் வேறொருவன் தூக்கிக்கொண்டிருப்பான். அமீனா பீக்கும் அதே கதைதான். அவளுக்கு ரவிக்கை கொடுக்கிற டெய்லர்கள் இந்த நாலு தெருவுக்குள் இருக்கிறார்கள். ஊக்கு வைக்கிற ரவிக்கையை யார் பஸ்ஸில் கொடுத்தனுப்புவார்கள்?

எங்கள் சுமை வேலைக்காரர்கள் சங்கத்துக்கு வக்கீலாக வருகிற பெண் தமிழ்மொழி. ஒரு சாயங்காலம் அமீனா பீயின் வீட்டு நடையில் வாடகைக்காரர்களை எல்லாம் கூட்டினாள்.

"இடிச்சுக் கட்டறதப் பத்திப் பேச ஞாயித்துக்கிழமை எம்.எல்.ஏ. இங்க வர்றாரு. அடுத்து சட்டமன்றத்துல வீட்டுவசதித் துறை மானியக் கோரிக்கை வருது. அப்ப எழுந்து பேசணும்னு அவருகிட்ட நாம கேக்கலாம். புதுசாக் கட்டும்போது இங்க வாடகைக்கு இருக்கிறவங்களுக்கும் சேத்துக் கட்டணும். சொந்தமா வேணாம். அரசாங்கமே நம்மால குடுக்க முடியற வாடகைக்கு விடட்டும். தொகுதியில மட்டுமில்ல, ஊர் பூரா இதான் நெலம. சட்டம் பண்றவங்க மனசு வச்சா நடக்கும்."

"கேளும்மா, நல்லாக் கேளு" என்றார்கள் எல்லாரும்.

"நான் கேட்டா அவரு ஒரு கேள்விதான் கேப்பாரு. பன்னீர்த் தோட்டத்துல எத்தன வாடகைக்காரங்கன்னு கேப்பாரு. நான் பதிவேட்டப் பாத்துட்டேன். ஒருத்தரும் இல்ல."

தமிழ்மொழி எங்களை ஒவ்வொருவராகக் கையால் காட்டினாள்.

"எல்லாரும் தம்பி, அக்கா, மச்சினிச்சின்னு இருக்கீங்க. இல்லாத ஆளுக்கு எப்படி வீடு கேக்கறது? யாராவது ஒருத்தர் எழுந்து, நான் வாடகைக்கு இருக்கேன்னு அவரு முன்னாடி சொல்லணும். ஒருத்தர் சொன்னா மத்தவங்களுக்குத் தைரியம் வரும்."

"சொல்லிட்டா ஓனருக்கு இன்னா ஆவும்?" என்றேன்.

தமிழ்மொழி பொய் சொல்லத் தெரியாத பெண். "வாடகைக்கு விட்டதுக்காக ஒதுக்கீட்ட ரத்து பண்ண சட்டத்துல இடம் இருக்குண்ணா. பண்ணுவாங்கன்னு சொல்லல. பண்ணலாம்."

"அம்மாசிதான் சொல்லணும்" என்றாள் அமீனா பீ. "லாரி மேல நின்னு கத்திக் கத்தி அவனுக்குத்தான் தொண்ட. மைக்கே வாணாம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரகுபதியைக் காட்டிக்கொடுக்க அமீனா பீக்குப் பயம், அவர் முன்கோபி. மற்றவர்களுக்கும் அவரவர் ஓனர் மேல் பயம். கன்னியம்மா யாரையும் திட்டாதவள், அதனால் நான் பேசலாமாம். நல்லவர்கள் தலையில்தான் எல்லாம் வந்து விழுகிறது.

வீட்டுக்கு வந்ததும் தேசம்மா பிடித்துக்கொண்டாள்.

"கோடி போட்ட கைய்யி அது. அந்தக் கைய வச்சே அவ வூட்டப் புடுங்கப் போறியா?"

"நான் இன்னா பண்றது சொல்லு. பொண்ணு பன்னண்டாவது படிக்குது. ஊருக்கு வெளிய போனா பள்ளிக்கூடம் இன்னா ஆவறது, என் வேல இன்னா ஆவறது?"

"எனுக்கு மட்டும் தெரியாதா? போ, மொதல்ல அந்தம்மாவாண்ட போய்ச் சொல்லு. தலைக்குப் பின்னாடி பண்ணாத."

அது சரியாகத்தான் பட்டது. மறுநாள் வேலை முடிந்ததும் சைதாப்பேட்டைக்குப் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்சந்தில், ஆற்றுப் பக்கமாகத் திரும்பினால் அவள் மகள் வீடு. ஒரே அறை. நடுவில் சேலையைத் திரையாகக் கட்டி, இந்தப் பக்கம் கன்னியம்மாவின் கட்டில், அந்தப் பக்கம் மகள் குடும்பம். என்னைப் பார்த்ததும் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள்.

"வாடா. மாசம் பொறக்கலியே, இன்னா இந்தப் பக்கம்? தேசம்மா எப்டி கீது?"

"நல்லாக் கீதுக்கா."

"வூட்ட இடிக்கிறாங்களாமே. லிஃப்ட் வக்கிறாங்களாம், கேட்டியா?" அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "லிஃப்ட் வச்சா எத்தினியாவது மாடி குடுத்தா இன்னா? ஏறிக் குந்திக்கினா கொண்டுபோய் வுட்ரும். சாகறதுக்குள்ள என் வூட்ல நான் படுப்பேன்டா, அம்மாசி."

நான் தரையைப் பார்த்தேன்.

"இங்க இன்னா பாடு தெரியுமா? நீ குடுக்கற வாடக என் கைய்ல நின்னா பாத்துகினியா? அப்டியே இந்த வூட்டு ஓனருக்குப் போவுது. அப்டியும் பத்தலியாம். ஏத்திக் குடு, இல்லாட்டி காலி பண்ணுன்றான். மருமவன் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீறான். அவன் மேல தப்பு இல்ல. ஒரு ரூம்புல எத்தினி பேருதான் படுக்கறது?"

மகள் கருவாட்டுக் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் சொல்லிவிடலாம் என்று நினைத்து, ஒவ்வொரு வாயோடும் அதை விழுங்கினேன். கை கழுவிவிட்டு எழுந்தேன்.

"எதுக்குடா வந்த?" என்றாள்.

"சும்மாக்கா. பாக்கலாம்னு."

"பொய் சொல்லாத. உனுக்குப் பொய்யே வராது. ஆபீசராண்டயே உளறுவ."

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிளாக்குகளுக்கு நடுவில் ஷாமியானா போட்டிருந்தார்கள். ரகுபதி வெள்ளை வேட்டி கட்டி, ஒலிபெருக்கிக்காரனை விரட்டிக்கொண்டிருந்தார். ஓனர்கள் எல்லாரும் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். பல பேருக்கு எந்த பிளாக் தன்னுடையது என்பதே மறந்திருந்தது. முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியெல்லாம் அவர்களுக்கு. வாடகைக்காரர்கள் பின்னால் மாடிப்படியிலும் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலும் நின்றோம். கன்னியம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். என்னைத் தேடிப் பார்த்துக் கையை ஆட்டினாள். முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவள் கட்டியிருந்தது நான் போட்ட கோடிச் சேலை. வேண்டுமென்று கட்டினாளோ, நல்லதாக இருந்தது அது ஒன்றுதானோ, தெரியாது.

எம்.எல்.ஏ. நேரத்துக்கே வந்துவிட்டார். ஐம்பது வயசு இருக்கும், களைத்த முகம். சோடாவைக் கையால் தடுத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்தார். ரகுபதி மைக்கைப் பிடித்து வெகுநேரம் நன்றி சொன்னார். பிறகு தமிழ்மொழி எழுந்து வாடகைக்காரர்கள் விஷயத்தைச் சுருக்கமாக, நறுக்கென்று வைத்தாள்.

எம்.எல்.ஏ. கேட்டுக்கொண்டார். "நியாயமான கோரிக்கைதாம்மா. நான் பேசறேன். ஆனா சபையில எழுந்தா அமைச்சர் கேப்பாரு. உங்க தொகுதியில அப்படி எத்தன பேருன்னு கேப்பாரு. இங்க எத்தன பேரு?"

ரகுபதி குறுக்கே பாய்ந்தார். "இங்க அந்த மாதிரி ஒருத்தரும் இல்ல சார். எல்லாம் ஓனருங்க. கூட ஒண்ணு ரெண்டு சொந்தக்காரங்க தங்கிக்கினு கீறாங்க, அவ்ளோதான். இந்தப் பொண்ணு வெளியேர்ந்து வந்து கொழப்புது."

"யாராவது வாடகைக்கு இருக்கீங்களா?" என்று எம்.எல்.ஏ. எங்கள் பக்கம் திரும்பினார். "இருந்தா கையத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. அமீனா பீ என் முதுகில் விரலால் குத்தினாள். நான் முன்னே நடந்தேன். எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. பேல் சுமக்கும்போதுகூடக் கால் அப்படிக் கனத்ததில்லை. மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எதிரே கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள்.

"என் பேரு அம்மாசி" என்றேன். "மூட்ட தூக்கறேன். மூணாவது மாடில கீறேன்."

"சொல்லுங்க. வாடகைக்கா?"

கன்னியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் என்று சொன்னபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு நினைவு வந்தது.

"இல்ல சார்" என்றேன். "எங்க அக்கா வூடு அது."

பின்னால் யாரோ 'ச்சே' என்றார்கள். ரகுபதி பெரிதாகச் சிரித்தார். "பாத்தீங்களா சார்? நான் சொன்னேன்ல?" தமிழ்மொழி தலையைக் குனிந்துகொண்டாள். தண்ணீர்த் தொட்டியோரம் நின்றிருந்த தேசம்மா என்னைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"குடுடா அத்த இங்க."

கன்னியம்மா நாற்காலியின் இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்துகொண்டிருந்தாள். மகள் தடுத்தாள். "யம்மா, குந்து. வாணாம்மா." அவள் கேட்கவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்த மைக்கைத் தலைகீழாகப் பிடித்தாள். அதை நேராக்கி வைத்தேன்.

"நைனா" என்று எம்.எல்.ஏ.வைக் கூப்பிட்டாள். "அந்த மூணாவது மாடி வூடு என் பேர்ல கீது. நான் அதுல இல்ல. முட்டி போச்சு, ஏற முடியல. இவனுக்கு வாடகைக்கு வுட்டுகீறேன். மாசா மாசம் குடுக்கறான். ஒரு மாசம் தப்பினது இல்ல."

"கன்னியம்மா! இன்னா பேசற நீ? குந்து!" ரகுபதி எழுந்துவிட்டார்.

"நீ குந்துய்யா, வேளச்சேரி. நைனாவாண்ட நான் பேசிக்கினு கீறேன்." கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "இவன் என் தம்பின்னு சொல்றான். அதுவும் பொய் இல்ல. என் புருசன் செத்தப்ப பொறந்த வூட்டுக் கோடி இவன்தான் போட்டான். தோ, கட்டிக்கினு கீறேன் பாரு. கோடி போட்டவன் தம்பிதான். வாடக குடுக்கறவன் வாடகைக்காரன்தான். ரெண்டும் நெசம்."

எம்.எல்.ஏ. எழுந்து நின்றார். அவள் நின்றுகொண்டிருந்ததால் இருக்கலாம்.

"நான் மட்டும் இன்னா ஓனரா? சைதாப்பேட்டல என் பொண்ணு வூட்ல ஓரமாப் படுத்துகினு கீறேன். அதுவும் வாடக வூடு. இவன் குடுக்கற காசு அந்த வூட்டுக்காரனுக்குப் போவுது. ஏத்திக் குடுன்றான். இவனாண்ட நான் ஏத்திக் கேக்கலாம். இவன் எங்க போவான்? மூட்ட தூக்கறவன் முதுகுல நான் வேற ஏறிக் குந்தணுமா?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "எனுக்கு வூடு குடுக்கறேன்றீங்க. குடுங்க. வந்துருவேன். நான் வந்தா இவன் தெருவுக்குப் போவணும். ஒருத்தர எழுப்பி வுட்டுட்டுத்தான் இன்னொருத்தர் படுக்கணும்னா அது இன்னா வூடு, நைனா? இவனுக்கும் சேத்துக் கட்டச் சொல்லு. அங்க உங்க சபைல சொல்லு. சும்மா வாணாம், வாடக குடுப்பான். நான் சாட்சி."

மைக்கை என்னிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்தாள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

முதலில் தூக்கிய கை அமீனா பீயுடையது. விரலில் ஊக்கு குத்திய தழும்பெல்லாம் தெரிய நேராகத் தூக்கினாள். "நானும் வாடகைதான் சார்! ரகுபதிக்கு நான் அக்காவும் இல்ல, ஆத்தாளும் இல்ல. பொங்கலுக்கு ஒரு கரும்புத் துண்டு குடுத்தது கெடையாது, இவுரு எனுக்குத் தம்பியாம்!"

அப்புறம் மாடிப்படியில் கைகள் எழுந்தன. தண்ணீர்த் தொட்டியோரம் எழுந்தன. மேல் நடையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையைத் தூக்கினார்கள். முன்வரிசையில் ஓனர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சில பேருக்குக் கோபம். சில பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு வயசானவர் மட்டும் தன் வீட்டில் இருக்கிறவரைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோலத் தலையசைத்தார். எம்.எல்.ஏ.வோடு வந்த உதவியாளர் எண்ணத் தொடங்கினார். எண்ணி முடிப்பதற்குள் இன்னும் கைகள் வந்துகொண்டே இருந்தன.

"நான் ஒரு ஆளு" என்றார் எம்.எல்.ஏ. குரலில் மேடைப் பேச்சு இல்லை. "நான் பேசினா மட்டும் சட்டம் வந்துடாது. மத்தவங்களும் சேரணும். ஆனா இனிமே எத்தன பேருன்னு கேட்டா என்கிட்ட பதில் இருக்கு. பேசறேன்." பிறகு கன்னியம்மா பக்கம் குனிந்தார். "உங்க ஒதுக்கீட்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆகக் கூடாதுன்னும் கேப்பேன்."

"சத்தியம்லாம் வாணாம் நைனா" என்றாள் அவள். "மறக்காம இருந்தா போதும்."

கூட்டம் கலைந்தது. ரகுபதி எங்களைப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் கன்னியம்மாவின் காலடியில் உட்கார்ந்தேன்.

"எதுக்குக்கா சொன்ன? நான்தான் சொல்லாம வுட்டுட்டேனே."

"அதுக்குத்தான்டா சொன்னேன்" என்றாள். "அன்னிக்கு எங்கூட்டுக்கு வந்து சோத்தப் பெசஞ்சிக்கினே இருந்தியே, அப்பவே தெரியும். மறுநாளு அந்த வக்கீலு பொண்ணு வந்து எல்லாத்தையும் சொல்லிட்டுப் போச்சு. நீ சொல்லியிருந்தா நான் பேசாமக் குந்திக்கினு இருந்திருப்பேன். கோவங்கூட வந்திருக்கும்." கொஞ்ச நேரம் பிளாக்கை அண்ணாந்து பார்த்தாள். "கூட்டிக்கினு போடா. இடிக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி பாத்துடறேன்."

"மூணு மாடிக்கா."

"மூட்ட தூக்கறவன்தான நீ?"

தூக்கவில்லை, அவள் விடவில்லை. நான் ஒரு பக்கம், அமீனா பீ ஒரு பக்கம். ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கினாள். நின்ற இடத்திலெல்லாம் யாராவது நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். எங்கள் வாசலுக்கு வந்ததும் நிலையைத் தடவினாள். உள்ளே போய்த் தேசம்மா விரித்த பாயில் உட்காராமல், சமையல் மூலையையும் ஜன்னலையும் கூரைக் கம்பியையும் பார்த்தாள். என் மகள் தன் புத்தகங்களை நகர்த்தி வைத்து இடம் பண்ணினாள்.

"லிஃப்ட் வச்சு, வூடும் குடுத்தாங்கன்னா நான் வந்துருவேன், அம்மாசி" என்றாள். "மனசுல வச்சிக்கோ. உன்ன எழுப்பி வுட்டுட்டு வந்துருவேன். என்னாலயும் அங்க முடியல."

"தெரியும்க்கா."

"அதனால உனுக்கும் இங்கயே ஒண்ணு குடுக்கணும். பக்கத்து வூடா இருந்தா நல்லது. இல்லாட்டி அதே மாடில. கொயம்பு கிண்ணத்த எடுத்துக்கினு நடந்து வர்ற தூரத்துல."

"குடுப்பாங்களாக்கா?"

"கேட்டுகீறோம்ல" என்றாள். "கை தூக்கிக் கேட்டுகீறோம். இனிமே சபைல அவங்க தூக்கணும்."

தேசம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். கன்னியம்மா அதை வாங்கிக் குடித்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முட்டியை நீட்டிக்கொண்டாள். இறங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு வெகுநேரம் யாரும் பேசவில்லை.